ஏத்துப்பலகைக்கு ஒரு கையெழுத்து

"சார், வண்டி உள்ள போயிருச்சு!"

சங்குத்துறை துறைமுகத்தின் மேற்பார்வையாளர் தியாகேசன் அப்போதுதான் டிபன் பாக்ஸைத் திறந்திருந்தார். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"எதுக்குள்ள? படகுக்குள்ளயா, பலகைக்குள்ளயா?"

"பலகைக்குள்ள சார்!"

டிபன் பாக்ஸை மூடிவிட்டார். படகுக்குள் போயிருந்தால் அது வேலை. பலகைக்குள் போயிருந்தால் அன்றைக்குச் சாப்பாடு கிடையாது.

சங்குத்துறையில் கப்பல் கரைக்கு வராது. ஆற்று வாயில் ஆழம் போதாது. அதனால் கரையிலிருந்து ஒரு மரச் சரிவு தண்ணீரை நோக்கி ஏறிப் போகும். அதன் முனையில் தட்டைப் படகு ஒன்றைக் கட்டி நிறுத்துவார்கள். சரக்கு லாரி சரிவில் ஏறி அப்படியே படகுக்குள் போய் நின்றுகொள்ளும். படகு லாரியைச் சுமந்துகொண்டு கடலுக்குள் போகும், கப்பலில் சரக்கை ஏற்றிவிட்டு வெறும் லாரியோடு திரும்பும். அந்தச் சரிவுக்கு அலுவலகக் காகிதங்களில் 'வாகன ஏற்றுதளம்' என்று பெயர். ஊருக்கு அது ஏத்துப்பலகை. மாட்டு வண்டிக்காக வெள்ளைக்காரன் போட்டது. இது 1972. மாட்டு வண்டி லாரியாகி இருபது வருடமாகியும் பலகைக்கு யாரும் அதைத் தெரிவிக்கவில்லை.

தியாகேசன் ஓடிப்போய்ப் பார்த்தார். பின்சக்கரங்கள் பலகையைப் பிளந்துகொண்டு கீழே தொங்க, லாரி வானத்தைப் பார்த்து நின்றது. பேராவூரணித் தேங்காய்கள் ஒவ்வொன்றாக ஆற்றில் குதித்துக்கொண்டிருந்தன. ஓட்டுநர் அப்துல் ஜலீல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

"எறங்கி வாங்க பாய்!"

"நான் எறங்குனா வண்டி பின்னால போயிரும் சார். என் எடையிலதான் நிக்குது."

ஜலீல் பாயின் எடையைத் தெரிந்தவர்களுக்கு அதில் சந்தேகம் வராது. பிறகு முப்பது பேர் சேர்ந்து கயிறு கட்டி லாரியையும் பாயையும் தனித்தனியாக மீட்டார்கள்.

"புதுசு ஒண்ணு வந்து ரெண்டு மாசமாக் கெடக்குதே சார், அதை எப்பத்தான் மாட்டுவீங்க?" என்று கேட்டார் ஜலீல்.

புதுசு அங்கேதான் கிடந்தது. சென்னையிலிருந்து வந்த இரும்புப் பலகை. ஆடுகள் அதன்மேல் ஏறிச் சறுக்கி விளையாடின. பழசைவிட அது எட்டடி நீளம். அளவெடுக்க வந்தவர்கள் தண்ணீர்ப் பக்கம் சரியாகத்தான் அளந்தார்கள், கரைப் பக்கம் வெயில் என்று திரும்பிவிட்டார்கள். விளைவு, புதுப் பலகையின் அடி துறைமுக எல்லையைத் தாண்டிப் பக்கத்து நிலத்தில் போய் ஊன்ற வேண்டும். மூன்றே மூன்று சென்ட் உவர் நிலம். புல்கூட முளைக்காது. ஆனால் நிலம் நிலம்தான். சொந்தக்காரர் சம்மதம் என்று ஒரு கையெழுத்துப் போட்டால்தான் வேலையைத் தொடங்கலாம்.

அன்று மாலையே எக்ஸிகியூடிவ் என்ஜினியர் சாரங்கபாணி போன் செய்தார்.

"கையெழுத்து வாங்கியாச்சா தியாகேசன்?"

"யார் நெலம்னு விசாரிச்சுக்கிட்டிருக்கேன் சார்."

"இன்னிக்குப் பத்தொன்பது. முப்பத்தொண்ணாம் தேதிக்குள்ள மாட்டலேன்னா ஒதுக்குன பணம் திரும்பிப் போயிடும். பலகையை ராமநாதபுரம் ஜில்லாவுக்கு அனுப்பிடுவாங்க."

"அனுப்பட்டும் சார், பழசையே ஆணி அடிச்சு..."

"பலகை தனியாப் போகாது. அதைப் பாத்துக்க ஓர் ஆள் வேணுமில்ல? நீங்களும் கூடப் போவீங்க."

தியாகேசன் ரிசீவரை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அவருக்குக் கல்யாணமாகி ஏழு வருடம். அதில் ஆறு வருடம் மனைவி மங்களாம்பிகைக்குப் பேராவூரணிப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை, இவருக்குச் சங்குத்துறை. மாதத்தில் இரண்டு நாள் ஜலீலின் தேங்காய் லாரியில் ஏறிப் போய்க் குடித்தனம் நடத்திவிட்டு வந்தவர் அவர். போன ஜூன் மாதம்தான் மங்களாம்பிகைக்குச் சங்குத்துறைக்கே மாற்றல் கிடைத்தது. ஒரே வீட்டில் ஒரே அடுப்பு எரிந்து ஒன்பது மாதம்தான் ஆகிறது. மறுபடியும் பிரிய வேண்டுமென்று நினைத்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"நீங்க போயிட்டா நான் மறுபடி மாற்றல் எழுதிப் போடணும். அது வர இன்னும் ஆறு வருசம்" என்றாள் மங்களாம்பிகை, இட்லியை வைத்தபடி. "ஒரு கையெழுத்துதானே? கேட்டு வாங்கிட்டு வாங்களேன்."

சங்குத்துறையில் கண்ணுக்கு எட்டிய நிலமெல்லாம் பெரிய பண்ணை நாகநாதனுடையது. எட்டாததும் அவருடையதுதான். எனவே மறுநாள் காலை தியாகேசன் நேராக அவர் வீட்டுக்குப் போனார். நாகநாதன் சாய்வு நாற்காலியில் படுத்திருந்தார். பக்கத்தில் கணக்குப்பிள்ளை அமிர்தம் குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றார். மழை, வெயில், கூரை எதுவானாலும் அந்தக் குடை அக்குளை விட்டு இறங்காது.

"துறைமுகத்தை ஒட்டி உங்க நெலம் மூணு சென்ட் இருக்குங்களே..."

நாகநாதன் எழுந்து உட்கார்ந்தார்.

"என் நெலமா? யாரு சொன்னது?"

"ஊருக்கே தெரியுமேங்க."

"ஊருக்கு என்ன தெரியும்? சர்க்கார் சட்டம் போட்டுருக்கு. ஒரு குடும்பத்துக்குப் பதினஞ்சு ஏக்கர். நான் பதினஞ்சுதான் வச்சிருக்கேன். அதுக்கு மேல ஒரு வரப்புகூடக் கெடையாது. அந்தப் பக்கம் நான் திரும்பியே பாக்குறதில்ல."

"அப்ப அது யாருதுங்க?"

"யாரோ ஏழை பாழை. தானமாக் குடுத்துட்டேன்."

"பேரு?"

"தர்மம் பண்ணுறவன் பேரை ஞாபகம் வச்சுக்கப்படாது" என்று சொல்லி நாகநாதன் மறுபடி சாய்ந்துகொண்டார்.

வாசல் வரை வந்து வழியனுப்பிய அமிர்தம் குரலைத் தாழ்த்தினார்.

"சார், அவரு பொய் சொல்லல. அவருக்கே தெரியாது. சட்டம் வருதுன்னு தெரிஞ்சதும் ஒரே வாரத்துல நாப்பத்தோரு பேர் பேருக்கு எழுதணும்னாரு. பண்ணை ஆளுங்க பேரு பதினெட்டோட தீந்துபோச்சு. மாட்டுங்க பேருக்கு எழுதிடலாம்னு யோசிச்சோம். பட்டாவுக்குத் தகப்பன் பேரு வேணுமே! மாட்டுக்குத் தகப்பன் பேரு யாருக்குத் தெரியும்? கடைசியில வோட்டர் லிஸ்ட்டை எடுத்து வச்சுக்கிட்டு வரிசையா எழுதுனேன். அதுலதான் தகப்பன் பேரும் சேந்து இருக்கும்."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா கேக்க மாட்டாங்களா? பாதிப் பேரு செத்துட்டாங்க, மீதிப் பேருக்குத் தெரியாது. நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு."

"இந்த மூணு சென்ட் யார் பேர்ல?"

அமிர்தம் குடையின் கைப்பிடியைத் தடவியபடி யோசித்தார். "ஊர்க் கணக்கு பாக்குற கர்ணத்தோட நோட்டைப் பாத்தாத் தெரியும். அவரு மக கல்யாணத்துக்கு வைத்தீஸ்வரன்கோவில் போயிருக்காரு, வர ஒரு வாரமாகும். அனேகமா காத்தான் பேர்ல இருக்கும். எதுவும் தோணலேன்னா காத்தான்னுதான் எழுதுவேன்."

ஒரு வாரம் காத்திருக்கத் தியாகேசனுக்கு மனம் வரவில்லை. பண்ணையாளான காத்தான் வயலில் உளுந்துச் செடி பிடுங்கிக்கொண்டிருந்தான். பக்கத்து வரிசையில் அவன் மனைவி அம்சம்.

"காத்தான், உன் நெலத்து விஷயமா ஒரு கையெழுத்து வேணும்ப்பா."

காத்தான் பின்னால் திரும்பிப் பார்த்தான். வேறு காத்தான் யாரும் நிற்கவில்லை.

"எனக்கு நெலமா? நான் குடியிருக்குற மனையே அய்யா மனைன்னு சொல்றாங்க."

"துறைமுகம் பக்கத்துல மூணு சென்ட் உன் பேர்ல இருக்காம். இந்தக் காகிதத்துல ஒரு கைநாட்டு வச்சாப் போதும்."

"கைநாட்டா!" காத்தான் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். "ரேசன் கார்டுக்குன்னு சொல்லி ஒருவாட்டி வச்சேங்க. இன்னிக்கு வரைக்கும் கார்டு வரல. இனிமே வைக்கமாட்டேன்."

அம்சம்தான் நிமிர்ந்து கேட்டாள். "சார், நெலம் எங்க பேர்ல இருக்கறது நெசந்தானா?"

"நெசம்தான்மா" என்றார் தியாகேசன் பெருமையாக. அதோடு நிறுத்தியிருக்கலாம். "பதினெட்டுப் பண்ணை ஆளுங்க பேர்ல இருக்காம்" என்று சேர்த்துக்கொண்டார்.

வயல் முழுவதும் உளுந்து பிடுங்குவது நின்றுபோனது.

மறுநாள் தியாகேசன் அலுவலகத்துக்கு வந்தபோது மூன்று சென்ட்டில் நாற்பது பேர் நின்றார்கள். நடுவில் சிவப்புக் கொடி. விவசாயத் தொழிலாளர் சங்கச் செயலாளர் கண்ணுசாமி ஒரு கள்ளிப்பெட்டிமேல் ஏறிப் பேசிக்கொண்டிருந்தார். காத்தான் ஒரு ஜோடி மாட்டை ஓட்டி வந்து அந்த உவர் மணலை உழுதான். மாடு நான்கடி நடந்ததும் நிலம் முடிந்துவிட்டது. திருப்ப இடமில்லாமல் மாட்டைப் பின்னாலேயே தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

"தோழரே, இங்க எதுவும் வெளையாதே!" என்றார் தியாகேசன்.

"வெளையறது முக்கியமில்ல சார். உழுதோம்ங்கறதுதான் முக்கியம்" என்றார் கண்ணுசாமி.

சாயங்காலம் கழகத்துக்காரர்கள் வந்து பார்த்தார்கள். சட்டம் போட்டது தங்கள் ஆட்சி, கொடி மட்டும் வேறொருவருடையதா என்று அவர்களுக்கு வருத்தம். சிமெண்டில் பீடம் கட்டித் தங்கள் கொடியையும் ஏற்றினார்கள். அதற்கடுத்த நாள் நாகநாதன் ஆள் அனுப்பி முள்வேலி போட்டார்.

"உங்க நெலம் இல்லேன்னீங்களே?" என்று தியாகேசன் ஓடிப்போய்க் கேட்டார்.

"என்னுது இல்லதான். ஏழையோட நெலத்துல கண்டவனும் கொடி நட்டா பாத்துக்கிட்டிருக்க முடியுமா? ஏழைக்காகப் போட்ட வேலி."

ஆக, ஒரு பலகை ஊன்ற வேண்டிய மூன்று சென்ட்டில் இப்போது இரண்டு கொடி, ஒரு பீடம், ஒரு வேலி, கொஞ்சம் உழுத மணல். தியாகேசன் தன் அலுவலகத்துக்குப் போகவே படகில் ஏறிச் சுற்றி வர வேண்டியிருந்தது.

அவர் கண்ணுசாமியிடம் சரணடைந்தார்.

"தோழரே, பலகை வந்தாத்தான் லாரி வரும். லாரி வந்தாத்தான் உங்க ஆளுங்களுக்கு மூட்டை தூக்குற வேலை. காத்தானை ஒரு கைநாட்டு வைக்கச் சொல்லுங்க. உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன்."

கண்ணுசாமி நியாயமானவர். ஆனால் கூட்டம் போடாமல் அவரால் சம்மதிக்க முடியாது. மூன்று நாள் மூன்று கூட்டம் நடந்தது. கடைசியில் ஊரே பார்க்கக் காத்தான் கைநாட்டு வைத்தான். இந்தத் தடவை இடது கைப் பெருவிரலோடு வலது கைப் பெருவிரலையும் வைத்துவிட்டான். ஒன்று தவறினால் ஒன்று இருக்கட்டுமாம். கண்ணுசாமி நாலணாவுக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். கழகத்துக்காரர்களும் பீடத்தை ஓரமாக நகர்த்திக்கொள்ளச் சம்மதித்தார்கள்.

தியாகேசன் காகிதத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அன்றுதான் ஊர் திரும்பியிருந்த கர்ணத்தின் வீட்டுக்குச் சைக்கிளை மிதித்தார். கர்ணம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நோட்டைப் புரட்டினார்.

"துறைமுகத்தை ஒட்டி இருக்கறது சர்வே நம்பர் நூத்திப் பதினெட்டு பை மூணு. அது காத்தானோடது இல்லியே."

"என்னது?"

"காத்தானோடது அறுபத்திநாலு பை ரெண்டு. வடக்கு மதகுப் பக்கம் ஒண்ணே முக்கால் ஏக்கர். நல்ல நஞ்சை. முப்போகம் வெளையும்."

"அப்ப நூத்திப் பதினெட்டு பை மூணு யாருது?"

கர்ணம் நோட்டை அவர் பக்கமாகத் திருப்பினார். அந்தப் பக்கத்தில் பேர் இருக்க வேண்டிய இடத்தைக் கரையான் சுத்தமாகத் தின்றிருந்தது. கரையானுக்குத் தேவையில்லாத எண்களெல்லாம் அப்படியே இருந்தன.

"தாலுகா ஆபீஸ்ல நகல் இருக்கும்" என்றார் கர்ணம். "ஆனா சும்மா போய் பேரைக் கேட்டாச் சொல்ல மாட்டாங்க. புகார் மனு குடுத்தாத்தான் கட்டைப் பிரிப்பாங்க. காட்டமா எழுதுங்க. காட்டமில்லாத மனுவை அவங்க படிக்கறதில்ல."

விஷயம் ஊருக்குள் வந்தபோது அம்சம் விரல்விட்டுக் கணக்குப் போட்டாள். பிறகு புருஷனைப் பார்த்துச் சொன்னாள்.

"அப்ப மூணு வருசமா நம்ம வயல்ல நாமளே கூலிக்கு அறுத்தமா?"

காத்தான் முண்டாசை அவிழ்த்து உதறி மறுபடி கட்டிக்கொண்டு வடக்கு மதகை நோக்கி நடந்தான். அவன் பின்னால் ஊரே நடந்தது. மூன்று சென்ட்டிலிருந்த சிவப்புக் கொடியைப் பிடுங்கிக்கொண்டு கண்ணுசாமியும் போனார். தியாகேசனுக்கு அதைப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் தேதி இருபத்தேழு.

அன்று மாலை நாகநாதனே துறைமுகத்துக்கு வந்தார். படகில் ஏறிச் சுற்றி வந்ததில் வேட்டி முழங்கால் வரை நனைந்திருந்தது.

"ஏன்யா, மூணு சென்ட் கேக்க வந்த ஆளு, ஒண்ணே முக்கால் ஏக்கர் நஞ்சையை என் கையை விட்டு எடுத்துட்டீரே! இன்னும் நாப்பது பேரு எங்க எங்க நெலம்னு கேட்டு வாசல்ல நிக்கிறான். நீர் பலகை மாட்டுற ஆளா, பண்ணையைக் கழட்டுற ஆளா? மேலிடத்துக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன்."

அவர் போனதும் போன் அடித்தது.

"என்னய்யா அங்க நடக்குது?" என்றார் சாரங்கபாணி. "பலகையை மாட்டச் சொன்னா நிலப் போராட்டம் நடத்துறீராமே! இன்னும் நாலு நாள். கையெழுத்து இல்லேன்னா பெட்டியைக் கட்டிக்கும்."

தியாகேசனுக்குக் கோபம் வந்தது. ஆறு வருடத்தில் அவர் யார்மேலும் கோபப்பட்டதில்லை. இப்போதோ கோபம் முழுவதும், எங்கோ ஒளிந்துகொண்டிருக்கும் அந்த மூன்று சென்ட் ஆசாமிமேல் திரும்பியது. எவனோ ஒருவன் நிலத்தையும் வைத்துக்கொண்டு, வாயையும் மூடிக்கொண்டு, தன் குடித்தனத்தைக் கெடுக்கிறான்!

"எழுதுறேன். காட்டமா எழுதுறேன்" என்று பேனாவைத் திறந்தார்.

மனு எழுதுவதில் கண்ணுசாமிக்கு இருபது வருட அனுபவம். அவர் நடந்துகொண்டே சொல்லச் சொல்லத் தியாகேசன் எழுதினார்.

"மேற்படி நிலத்துக்குச் சொந்தக்காரன் பெரும் பண்ணையின் கைக்கூலியாகவும், மக்கள் விரோதியாகவும், உச்சவரம்புச் சட்டத்தை ஏமாற்றியவனாகவும்..."

"கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க தோழர்."

"...அவன் மிராசுதாரனாக இருந்தாலும் சரி, மந்திரிக்கு மச்சானாக இருந்தாலும் சரி, சர்க்கார் உத்தியோகஸ்தனாக இருந்தாலும் சரி, தயவு தாட்சண்யம் காட்டாமல்..."

"பிரமாதம்!" என்றார் தியாகேசன். தன் பங்குக்கு 'குடும்பங்களைப் பிரிக்கும் கொடியவன்' என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டார்.

மங்களாம்பிகை மனுவை வாங்கிச் சிவப்பு மையால் ஒற்றுப்பிழைகளைத் திருத்தினாள். பிறகு கடைசி வரியில் பேனாவை நிறுத்தினாள்.

"ஆறு மாசம் ஜெயில்னு போட்டிருக்கீங்க. நாம பிரிஞ்சு இருந்தது ஆறு வருசம். அவனுக்கு ஆறு மாசம் போதுமா?"

'மூன்று வருடத்துக்குக் குறையாமல்' என்று திருத்தி எழுதினார்கள். தியாகேசன் ஜலீலின் லாரியில் ஏறித் தாலுகா ஆபீசுக்குப் போய், மனுவைத் தாசில்தார் கையிலேயே கொடுத்தார். அங்கே நின்று சத்தமாக ஒருமுறை படித்தும் காட்டினார். தாசில்தார் அசந்துபோய், "நானே கவனிக்கிறேன்" என்றார்.

முப்பதாம் தேதி காலை.

தியாகேசன் துணிந்து ஒரு காரியம் செய்திருந்தார். கையெழுத்து வருகிற நிமிடமே ஊன்றிவிடலாம் என்று பழைய பலகையைக் கழற்றிவிட்டு, புதிய இரும்புப் பலகையைச் சங்கிலி கட்டித் தூக்கி அந்தரத்தில் நிறுத்தியிருந்தார். அதன் அடி சரியாக மூன்று சென்ட்டுக்கு மேலே, முள்வேலிக்கு ஒரு சாண் உயரத்தில், தரையைத் தொடாமல் தொங்கியது. சட்டப்படி அது இன்னும் யார் நிலத்திலும் இல்லை. கயிற்றைப் பிடித்திருந்த ஆட்களில் ஜலீல் பாயும் ஒருவர். கடைசிக் கயிறு முழுவதும் அவர் பொறுப்பு.

"சார், எவ்வளவு நேரம் இப்படியே புடிச்சுக்கிட்டு நிக்கறது?"

"வந்துருவாங்க பாய். கொஞ்சம் மூச்சை அடக்கிக்கங்க."

வேடிக்கை பார்க்க ஊர் கூடியிருந்தது. நாகநாதன் ஒரு பக்கம், கண்ணுசாமி ஒரு பக்கம். காத்தானும் அம்சமும் வந்திருந்தார்கள். அவர்கள் கால்களில் வடக்கு மதகுச் சேறு காயாமல் இருந்தது. மங்களாம்பிகை பள்ளிக்கூடத்துக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து நின்றாள்.

பத்தரை மணிக்குத் தாலுகா ஆபீஸ் சேவகர் செல்லதுரை சைக்கிளில் வந்து இறங்கினார். கையில் முத்திரை வைத்த காகிதம். கூட்டம் வழிவிட்டது.

"பேரு கெடைச்சுதா?" என்று தியாகேசன் கத்தினார்.

"கெடைச்சுது சார். நகல்ல தெளிவா இருக்குது."

"படிய்யா! எல்லாருக்கும் கேக்குற மாதிரிப் படி!"

செல்லதுரை தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நூற்றுப் பதினெட்டு பை மூன்று எண்ணுள்ள நிலத்தின் பட்டாதாரருக்குத் தாசில்தார் அனுப்பும் அறிவிப்பு. ஒன்று, துறைமுக வேலைக்கு நிலத்தைக் கொடுக்கச் சம்மதம் என்று பட்டாதாரர் இதில் உடனே கையெழுத்துப் போட வேண்டியது. போட்டதும் வேலையைத் தொடங்கலாம்."

கூட்டம் கைதட்டியது. கயிறு பிடித்திருந்தவர்களும் கைதட்டப் போய், பலகை அரைச் சாண் இறங்கியது. "பாய்! பாய்!" என்று எல்லாரும் அலறினார்கள். ஜலீல் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி ஏற்றினார்.

"இரண்டு, பண்ணையின் கைக்கூலியாகவும், மக்கள் விரோதியாகவும் இருந்து சட்டத்தை ஏமாற்றியதற்காக, மனுதாரர் கோரியபடி..."

"நான்தான் கோரினேன்!" என்றார் தியாகேசன் கூட்டத்தைப் பார்த்து.

"...சர்க்கார் உத்தியோகஸ்தர் என்றும் பாராமல், தயவு தாட்சண்யமின்றி மேற்படியார்மீது வழக்குத் தொடரப்படும்."

"அப்படிப் போடு! மூணு வருசத்துக்குக் குறையக் கூடாது!" என்றாள் மங்களாம்பிகை.

கணக்குப்பிள்ளை அமிர்தம் செல்லதுரையின் தோளுக்கு மேலாக எட்டிக் காகிதத்தைப் பார்த்தார். பார்த்தவர் இருமினார். "எனக்கு வீட்டுல கொஞ்சம் வேலை இருக்கு" என்று யாரிடமென்று இல்லாமல் சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் நுழைந்து மறைந்துபோனார்.

தியாகேசனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பலகை ஊன்றிய மாதிரிதான், மாற்றல் ஒழிந்தது, அடுப்பு ஒன்றாகவே எரியும். அந்த அயோக்கியனின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டால் போதும். சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவி, மூடியைக் கழற்றி உயரப் பிடித்தார்.

"இந்தா என் பேனா! அந்தப் படுபாவி என் பேனாவாலேயே கையெழுத்துப் போட்டுட்டு ஜெயிலுக்குப் போகட்டும்! கூப்பிடுய்யா அவனை! எங்க நிக்கிறான்?"

செல்லதுரை பேனாவை வாங்கவில்லை. காகிதத்தைத் திருப்பித் தியாகேசன் பக்கமாக நீட்டினார்.

"பேனா உங்க கையிலயே இருக்கட்டும் சார். நெலம் உங்க பேர்லதான் இருக்கு."